அந்த மில் தொழிலாளியின் கையில் பீடி வேண்டுமா?

போன மாதம் ஒரு வெப் தொடரின் கதை விவாதத்தில் இரண்டு நாள் ஒரே ஒரு பீடியைப் பற்றிப் பேசியே போனது. கோயம்புத்தூரில் 1980களில் நடக்கும் கதை. நடுநாயகமாக ஒரு மில் தொழிலாளி, ஐம்பது வயது இருக்கும். "அண்ணே, அந்தக் காலத்து மில் ஆளு வாயில பீடி இல்லன்னா யாரு நம்புவா?" என்றார் இயக்குநர். தயாரிப்புத் தரப்பிலிருந்து வந்தவர், "பீடி வந்தா எச்சரிக்கை வாசகம் போடணும், முன்னாடி விளம்பரம் போடணும். எதுக்கு சார் அந்தத் தொல்லை, எடுத்துடுங்க" என்றார்.

வசனம் எழுதுகிறவன் நான். என் அப்பா அதே ஊரில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பீடியும் பிடித்தவர். அதனால் 'வைத்தால் யதார்த்தம், எடுத்தால் நிம்மதி' என்ற இரண்டு பதிலுமே எனக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து, சின்னத்திரையில் புகையை என்ன செய்யலாம் என்று இதுவரை முயன்று பார்த்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்த்தேன். சீரியலுக்கும் வெப் தொடருக்கும் எழுதுகிற மற்றவர்களுக்கும், பிள்ளைகளோடு உட்கார்ந்து டிவி பார்க்கிற வீடுகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். திரையில் பார்ப்பதால் பிள்ளைகள் புகைக்கத் தொடங்குகிறார்களா? "படம் பார்த்தா யாரு கெட்டுப்போறா" என்று எங்கள் துறையில் எப்போதும் சொல்வோம். ஆனால் அமெரிக்க அரசின் தலைமைப் பொது சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் 2012ஆம் ஆண்டு அறிக்கை, படங்களில் வரும் புகைக்கும் காட்சிகளுக்கும் இளம் வயதினர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண காரியத் தொடர்பே இருக்கிறது என்று முடிவுசெய்தது. ஏதோ தற்செயலாக இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று அது சொல்லவில்லை. சிகரெட் கம்பெனிகளுக்கு இது அதற்கு வெகு முன்பே தெரியும். தெரியாமலா 1961இல் 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் பாத்திரங்களையே வின்ஸ்டன் சிகரெட் விளம்பரத்தில் புகைக்க வைத்தார்கள்? 1971 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்ட பிறகு அந்தப் பணம் கதைகளுக்குள் நுழைந்தது. 1989இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் லார்க் சிகரெட்டைக் காட்ட மூன்றரை லட்சம் டாலர் கைமாறியது. 1998இல் அமெரிக்க மாநிலங்களுக்கும் கம்பெனிகளுக்கும் நடந்த பெரிய உடன்பாட்டில்தான் இப்படிப் பணம் கொடுத்துக் கதைக்குள் வருவதற்குத் தடை எழுதப்பட்டது.

நமக்கு அறிக்கை கூடத் தேவையில்லை. என் வயதுக்காரர்களைக் கேட்டால் போதும். சிகரெட்டைத் தூக்கிப் போட்டு உதட்டில் பிடிக்கும் ஸ்டைலை நாங்கள் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை வைத்துப் பழகினோம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், வேப்பமரத்தடியில், உதட்டில் சாக்பீஸ் சரியாக வந்து உட்காரும்வரை. எங்களில் நான்கு பேர் பிளஸ் டூ முடிப்பதற்குள் நிஜ சிகரெட்டுக்கு வந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு அந்த ஸ்டைல் சரியாக வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, பாதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி: என்ன செய்யலாம்?

நம் வீட்டு டிவியில் அதிகம் பார்க்கிற வழி, படத்தை எடுத்தபடி விட்டுவிட்டுச் சிகரெட்டை மட்டும் கலங்கலாக்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கை மகளுக்கு ஐந்து வயது. அதுவரை தரையில் கிரேயானோடு இருந்தவள், கதாநாயகன் வாயருகே அந்தக் கலங்கல் கட்டம் வந்ததும் எழுந்துபோய் டிவியைத் தொட்டுப் பார்த்தாள். "மாமா, அந்த அங்கிள் வாய்ல என்ன?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சிகரெட்டா?" என்றாள். அதன் பிறகு அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். மறைக்காமல் விட்டிருந்தால் கிரேயானை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள் என்று தோன்றியது. நகர்கிற ஒரு கட்டத்தைப் பின்தொடர்வது கண்ணின் இயல்பு.

தாய்லாந்துத் தொலைக்காட்சியிலும் இப்படித்தான் கலங்கலாக்குகிறார்கள். துருக்கியில் கலங்கலுக்குப் பதில் பூப்படம் ஒட்டிய காலமும் உண்டு. ஜப்பானிய 'ஒன் பீஸ்' கார்ட்டூனை 2004இல் அமெரிக்கக் குழந்தைகளுக்காக மாற்றியபோது சாஞ்சி என்ற பாத்திரத்தின் சிகரெட்டை அழித்து லாலிபாப் வரைந்தார்கள். குழந்தைகளுக்கான கார்ட்டூன் என்பதால் அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. நடிகர் நிஜமாகவே புகை விடும் காட்சியில் கலங்கல் செய்வதெல்லாம் ஒன்றுதான். பொருளை மறைக்கிறது, செய்கையை விட்டுவிடுகிறது. கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, புகையை மெதுவாக விடும் அந்தத் தோரணை அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் படிப்பது தோரணையைத்தான். இருக்கிற வழிகளிலேயே மிக மோசமானது இது என்பது என் கருத்து.

இரண்டாவது, எச்சரிக்கை வாசகம். இதற்கு நம் நாட்டில் ஒரு நீண்ட கதை இருக்கிறது, அது தமிழ்நாட்டோடு பின்னியது. 2002இல் 'பாபா' வந்தபோது அதில் வரும் புகைக் காட்சிகளை எதிர்த்து பா.ம.க. களத்தில் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். அடுத்து அந்தக் கட்சியின் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சரானார். 2005 மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு தினத்தன்று, சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் புகைக்கும் காட்சியே கூடாது என்று அறிவிக்கை வந்தது. இயக்குநர் மகேஷ் பட் நீதிமன்றம் போனார். 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று அந்தத் தடையை நீக்கியது. தடை போன இடத்தில்தான் இன்றைய வாசகங்கள் வந்தன. 2012 அக்டோபர் 2 முதல் இப்போது நாம் பார்க்கும் வடிவம் நடைமுறையில் இருக்கிறது: தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி எச்சரிக்கைப் படம், 20 விநாடி விளக்கம், காட்சி ஓடும்போது அடியில் ஒரு வரி. 2023 செப்டம்பர் 1 முதல் இதே விதிகள் ஓடிடிக்கும் வந்துவிட்டன. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தில், தொடரின் மொழியிலேயே, புகையிலை உயிரைக் கொல்லும் என்றோ புற்றுநோய் தரும் என்றோ போட வேண்டும்.

இதை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இருபத்து நான்கு வயதில் வாய்ப் புற்றுநோயால் இறந்துபோன அந்த இளைஞர் தன் பெயரைச் சொல்லித் தொடங்கும் விளம்பரத்தை முதல்முறை தியேட்டரில் பார்த்தபோது என் பக்கத்தில் இருந்தவர் இடைவேளையில் சிகரெட் வாங்கப் போகவில்லை. பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். ஆனால் பத்தாவது முறை? கூட்டம் பாப்கார்னை முடித்துக்கொண்டிருந்தது. அடியில் ஓடும் வரியோ அதைவிடப் பாவம். வசனத்துக்கான சப்டைட்டிலைப் போல அதுவும் ஒரு எழுத்து, அவ்வளவே. மேலே தோரணை, கீழே சட்டம் என்று இரண்டும் ஒரே சட்டகத்தில் இருந்தால் கண் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் கலைஞர் தரப்பில் ஒரு வலியும் உண்டு. 2013இல் வூடி ஆலன் தன் படத்தில் இந்த வரியைப் போட மாட்டேன் என்று சொல்லி, இந்தியாவில் அந்தப் படத்தை வெளியிடவே மறுத்துவிட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. உச்சக் காட்சியில் ஒரு பாத்திரம் உடைந்து அழும்போது அடியில் எழுத்து ஓடினால் கவனம் போகத்தான் செய்யும். ஆனால் எனக்கு அந்த வலியைவிட என் வேப்பமரத்தடிச் சாக்பீஸ் பெரிதாகத் தெரிகிறது.

வாசகத்தால் ஒரு மறைமுக நன்மை இருப்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் விவாதத்தில் வந்த தயாரிப்புத் தரப்பு ஆள் அந்தக் கேள்வியைக் கேட்டதே விதிகள் இருப்பதால்தான். விதி இல்லாவிட்டால் பீடி தானாக வந்து உட்கார்ந்திருக்கும், யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். 'இது இங்கே எதற்கு' என்று ஒரு தடவையாவது நிறுத்திக் கேட்க வைத்தது அந்த வரி.

மூன்றாவது வழி முழுத் தடை. மேலே சொன்ன 2005 அறிவிக்கை அதுதான். வெளிநாட்டில் சில நிறுவனங்கள் தாங்களாகவே இதற்குப் பக்கத்தில் வந்திருக்கின்றன. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் புகைக் காட்சிகள் அதிகம் என்று கண்டனம் எழுந்த பிறகு, 2019இல் நெட்ஃபிளிக்ஸ் 14 வயதினர் வரை பார்க்கக்கூடிய தன் புதிய தொடர்களில், வரலாற்றுக்கோ உண்மைத் தகவலுக்கோ தேவைப்பட்டால் தவிர, புகை வராது என்று அறிவித்தது. நம் மெகா சீரியல்களில் அறிவிப்பு எதுவும் இல்லாமலே இது கிட்டத்தட்ட நடைமுறையில் இருக்கிறது. வில்லன் சதி செய்வான், விஷம் வைப்பான், தம் மட்டும் அடிக்க மாட்டான். அதனால் கதைக்கு ஒரு நஷ்டமும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. எம்.ஜி.ஆர். திரையில் சிகரெட்டைத் தவிர்த்தே அத்தனை பெரிய கூட்டத்தைச் சேர்த்தார். கதாநாயகனுக்கு வீரம் வர சிகரெட் தேவை என்று சொல்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

ஆனால் எல்லாக் கதைக்கும் முழுத் தடை என்றால் என் அப்பாவை என்ன செய்வது? அவர் பிடித்தார். அவரோடு வேலை பார்த்தவர்களும் பிடித்தார்கள். அதில்தான் பலர் போனார்கள். அவர்கள் வாழ்க்கையிலிருந்து பீடியை எடுத்துவிட்டால் அவர்களைக் கொன்றது எது என்பதையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். புகையால் ஒரு குடும்பம் என்ன ஆனது என்று சொல்கிற கதையைக்கூட எழுத முடியாமல் போகும். டெல்லி நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியதில் எனக்கு மன வருத்தம் இல்லை.

நான்காவது வழி, வயதையும் நேரத்தையும் வைத்துப் பிரிப்பது. பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதிப்படி குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் வலுவான காரணம் இல்லாமல் புகை வரக்கூடாது. இரவு 9 மணிக்கு முன் வரும் மற்ற நிகழ்ச்சிகளிலும் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், கவர்ச்சியாகக் காட்டக் கூடாது. 2006இல் ஒரே ஒரு பார்வையாளரின் புகாரின் பேரில் பழைய 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் கவர்ச்சியாகப் புகைக்கும் இடங்களை வெட்ட அங்கே ஒரு சேனல் முன்வந்தது. அமெரிக்காவில், புகை வரும் படங்களுக்கு, 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாத ஆர் சான்றிதழ் கொடுத்தாலே இளம் வயதுப் புகைப்பவர்களின் எண்ணிக்கையை 18 சதவீதம் அளவுக்குக் குறைக்க முடியும் என்று சர்ஜன் ஜெனரல் தரப்பில் கணித்திருக்கிறார்கள். காகிதத்தில் மிகவும் நியாயமான வழி இது. நம் வீடுகளில் எடுபடுமா என்றால், பாதி எடுபடும். ஹாலில் ஒரே டிவி, இரவு ஒன்பதரைக்கும் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள், பாட்டியோடு சேர்ந்து சீரியல் பார்க்கிறார்கள். ஓடிடியில் 13+, 16+, ஏ என்று பிரித்துப் போடுகிறார்கள். ஆனால் அப்பாவின் போனில் அப்பாவின் கணக்குதான் திறந்திருக்கிறது. வயதுப் பிரிவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி, கதையில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நினைப்பதுதான் தவறு.

நடுவில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் புகைக்கிறவர்கள் 10.7 சதவீதம், மெல்லும் புகையிலை போடுகிறவர்கள் 21.4 சதவீதம். இரண்டு மடங்கு. கதாபாத்திரத்தின் சிகரெட்டைக் கலங்கலாக்குகிற அதே டிவியில், கிரிக்கெட் இடைவேளையில், புகையிலைப் பாக்கெட்டின் பெயரையே தாங்கிய ஏலக்காய் விளம்பரத்தில் பெரிய நட்சத்திரங்கள் சிரிக்கிறார்கள். அங்கே கலங்கல் இல்லை, அடியில் வரியும் இல்லை. புகைக் காட்சியைப் பற்றிப் பேசும் யாரும் இதைப் பேசாமல் விடக்கூடாது.

இனி ஐந்தாவது வழி. இதை விதி என்று சொல்ல முடியாது, எழுதுகிற மேஜையில் எடுக்கிற முடிவு. எடுத்து முடித்த பிறகு மறைப்பதற்கும் வரி போடுவதற்கும் பதில், எழுதும்போதே ஒவ்வொரு பற்றவைப்புக்கும் காரணம் கேட்பது. யார் பற்றவைக்கிறார், எந்த நேரத்தில், கேமரா எங்கே இருக்கிறது, அதன் பிறகு என்ன நடக்கிறது? கெட்டவன் கையில் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் சிகரெட் மனிதன் வில்லன்தான். ஆனாலும் அந்தத் தொடரிலேயே மறக்க முடியாத உருவம் அவர்தான். அந்த நடிகர் சிகரெட்டை எப்போதோ விட்டவர் என்பதால் படப்பிடிப்பில் மூலிகை சிகரெட் பிடித்தார். 1960களின் விளம்பர உலகைக் காட்டிய 'மேட் மென்' தொடரிலும் மூலிகை சிகரெட்தான். நிகோடின் இல்லை, சரி. ஆனால் எரிகிற எதிலும் கார்பன் மோனாக்சைடும் தாரும் உண்டு. பத்து டேக் போனால் பத்துப் புகை. செட்டில் ஒரு குழந்தை நட்சத்திரம் இருந்தால் அவளுக்கும் சேர்த்துத்தான். திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் நுரையீரலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்விகளோடு எங்கள் மில் தொழிலாளியிடம் திரும்பிப் போனேன். இயக்குநர் மனதில் இருந்த காட்சி: நூற்பு மெஷின் முன்னால், வாயில் பீடியோடு, வியர்வையில் நனைந்த முகம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒருவர் எந்த மில்லிலும் இருந்ததில்லை. உள்ளே முழுக்கப் பஞ்சு. ஒரு பொறி விழுந்தால் முடிந்தது. தீப்பெட்டியை உள்ளே கொண்டுபோகவே கூடாது. கேட்டில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள் என்று அப்பா சொல்வார். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசைச் சுவாசித்துவிட்டு, சங்கு ஊதினதும் வெளியே வந்து, எதிரே டீக்கடையில் தொங்கும் கயிற்று நுனியில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பில் பீடியை வைத்து இழுப்பார்கள். முதல் இழுப்பிலேயே இருமல் வரும். இருமி முடித்துவிட்டு மறுபடி இழுப்பார்கள். நான் சின்னப் பையனாக அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய் நின்ற இடம் அது. அந்த இருமலில் யாரும் ஸ்டைல் பார்க்க முடியாது.

யதார்த்தம் வேண்டும் என்று பீடி கேட்டவருக்கு யதார்த்தமே பதில் சொல்லிவிட்டது. மெஷின் காட்சியில் பீடி இல்லை. மில் கேட்டில் ஒரு காட்சி. தூரத்து ஷாட், நான்கைந்து பேர், கயிற்று நெருப்பு, இருமல். முகத்துக்கு அருகில் கேமரா போகாது. அந்த ஒரு காட்சிக்கு வர வேண்டிய வரி அடியில் வரட்டும், தொடருக்கு 16+ போடட்டும். இருமலுக்கு மேலே ஓடினால் அந்த வரிக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

என்னைக் கேட்டால் மற்ற இடங்களுக்கும் முடிவு ஏறக்குறைய இப்படித்தான் வரும். வீடே உட்கார்ந்து பார்க்கிற மாலை நேர சீரியலில் வேண்டவே வேண்டாம், இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். புதிதாக எடுக்கிற எதிலும் கதாநாயகன் அறிமுகமாகும்போது சிகரெட் கூடாது. 2018இல் 'சர்கார்' படத்தின் முதல் போஸ்டரில் சிகரெட் இருந்ததற்குப் பொது சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பி, அந்தப் போஸ்டர் நீக்கப்பட்டது. போஸ்டரில் கூடாதென்றால் அறிமுகக் காட்சியில் மட்டும் எப்படிக் கூடும்? டிவியில் வரும் பழைய படங்களைக் கலங்கலாக்காமல், வெட்டாமல், எச்சரிக்கையோடு அப்படியே விடலாம். அவை அந்தக் காலத்தின் பதிவு. பக்கத்தில் இருக்கிற பெரியவர் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொன்னால் கலங்கல் கட்டத்தைவிட அது பலன் தரும்.

என் அப்பா அறுபத்து மூன்றில் போனார். நுரையீரல் முழுக்க அடைத்துவிட்டது. பஞ்சுத் தூசா, பீடியா என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

கதையில் அந்தத் தொழிலாளியின் மனைவிக்கு ஒரு காட்சி எழுதியிருக்கிறேன். துவைக்கும் கல்லில் சட்டையைப் போடுவதற்கு முன் பையை வெளியே இழுத்துத் திருப்பி, தையல் மூலையில் படிந்திருக்கும் புகையிலைத் தூளைச் சுண்டுவிரல் நகத்தால் சுரண்டி எடுக்கிறாள். அம்மா அப்படித்தான் செய்வாள், இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை ஏறிவிடும். அந்தக் காட்சியில் யாரும் புகைக்கவில்லை, அடியில் எந்த வரியும் வரத் தேவையில்லை. படித்துப் பார்த்துவிட்டு இயக்குநர், "இது போதும்ணே, கேட் சீனையும் ஒண்ணோட நிறுத்திக்கலாம்" என்றார். அடுத்த வாரம் படப்பிடிப்பு. கேட்டுக்கு எதிரே தொங்கவிட கயிறு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.